அர்த்தநாரி போட்ட துண்டு

துண்டு போட்டவனுக்கே சீட்டு என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வேங்கைவலசு பஸ் ஸ்டாண்டில் அதை மீறினவன் எவனும் மரியாதையோடு வீடு போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. வண்டி உள்ளே திரும்பும்போதே, இறங்குகிற சனம் இறங்குவதற்கு முன்னாலேயே, ஜன்னல் கம்பிக்கு நடுவே துண்டும் கைக்குட்டையும் டிபன் பையும் மடக்குக் குடையும் பறக்கும். ஒருமுறை ஒருத்தர் அவசரத்தில் தன் பல்செட்டையே வைத்துவிட்டு ஏறப்போனார், அதையும் யாரும் தொடவில்லை. விழுந்தால் விழுந்ததுதான். வெறும் சீட்டுக்கு அடித்துக்கொண்டு சட்டை கிழித்துக்கொள்கிற ஆட்கள்கூட துண்டு கிடக்கிற சீட்டைப் பார்த்தால் “ஆள் வருதாட்டருக்குது” என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊரிலிருந்து கரட்டுப்புதூர் போகிற ரோட்டில் இரண்டு கம்பெனி வண்டிகள் ஓடின. காளியண்ணன் முதலாளியின் மரகதவல்லி டிரான்ஸ்போர்ட் பச்சை; ரத்தினசபாபதி முதலாளியின் இளங்கதிர் மோட்டார்ஸ் மஞ்சள். கதிர் வண்டி ஆறு ஐந்துக்கு எடுத்தால் மரகதம் ஆறு பத்துக்கு எடுக்கும், அதன் வாலைப் பிடித்தபடி இன்னொரு கதிர் வண்டி ஆறு இருபதுக்கு வந்து நிற்கும். மரகதம் டிரைவர் ராக்கியண்ணன் பின்னால் ஏர் ஹாரன் கேட்டால் ஒதுங்கி வழி விடுகிற ஜாதியில்லை. வழி விடுவதைவிடக் கிணற்றில் விழலாம் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தவர். கதிர்காரன் ரேடியோ வைத்தால் மரகதத்துக்காரன் டேப் வைப்பான், இவன் டேப் வைத்தால் அவன் டி.வி. வைப்பான், அவன் சீட்டுக்கு மெத்தை போட்டால் இவன் மெத்தைக்கு உறை போடுவான். ரோட்டோரத்து ஊர்களில் பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட “நீங்க மரகதமுங்களா, கதிருங்களா?” என்று நைசாகக் கேட்டுவிட்டுத்தான் ஜாதகம் கேட்டார்கள்.

சாந்தாமணி மரகதம் கட்சி. கட்சி என்ன கட்சி, அவள் வேலை பார்த்த நூல் மில்லில் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு அந்த ஆறு பத்துதான் தோதுப்பட்டது. பகலெல்லாம் ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நின்றபடியே அறுந்த இழையை முடிந்து முடிந்து, சங்கு ஊதினதும் தலையில் பஞ்சு ஒட்டினபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வருவாள். அவள் புருஷன் அர்த்தநாரிக்கு லேத்துப் பட்டறையில் வேலை, அது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே. அதனால் அவன் முன்னாடியே வந்து, பின்படிக்கு எதிரில் இருக்கிற ஒத்தைச் சீட்டில் துண்டைப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்திருப்பான். சாந்தாமணி மூச்சிரைக்க ஏறி, டிபன் பையை அவன் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். ஓடக்காட்டுப் பிரிவில் இருவரும் இறங்குகிற வரைக்கும் அவன் உட்கார்ந்து வருவான், அவள் நின்று வருவாள். அவன் கெட்டவனில்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை. நின்று வருகிறவளைப் பார்த்து உட்கார் என்று சொல்லத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அவளுக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. பஸ்ஸில் மற்றவர்களுக்கும் படவில்லை, ஊர் உலகத்தில் எங்கே நடக்காதது அது?

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், நோம்பி கீம்பி எதுவும் இல்லாத சாதாரண நாள், அர்த்தநாரி வழக்கம்போல வந்தான். நீலக்கரை போட்ட வெள்ளை ஈரிழைத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறி, ஒத்தைச் சீட்டில் நீளவாக்கில் விரித்துப் போட்டான். கண்டக்டர் மாரப்பனிடம், “பாத்துக்கங்கண்ணா, ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினான். டீக்கடையை நோக்கி நடந்தான். டீக்கடையைத் தாண்டியும் நடந்தான். அந்தப் பக்கம் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்த இளங்கதிரின் ஓசூர் வண்டியில் ஏறிப் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் நிலக்கடலை விற்கிறவர் அதைப் பார்த்தார். சாந்தாமணி ஓடி வந்து ஏறியபோது துண்டு இருந்தது, ஆளில்லை. “டீ குடிக்கப் போனாப்லீங்க அம்மிணி” என்றார் மாரப்பன். வண்டி கொஞ்சம் நின்றது. இன்னும் கொஞ்சம் நின்றது. அப்புறம் விசில் அடிக்காமல் முடியவில்லை.

மறுநாளும் துண்டு அங்கேயேதான் கிடந்தது. மாரப்பன் எடுக்கவில்லை, பார்த்துக்கங்க என்று சொன்னவன் எடுத்துக்கங்க என்று சொல்லவில்லையே. கிளீனர் வண்டி கழுவும்போது அந்தச் சீட்டைச் சுற்றிக் கழுவினான். வாரம் போயிற்று, மாசம் போயிற்று, துண்டில் தூசி படியவில்லை, வெயிலில் வெளுக்கவில்லை, மழைக்கு ஜன்னல் வழியே அடித்த சாரல் அதன் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்தது. ஓசூர்ப் பக்கம் அவனைப் பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு, பார்த்தவன் அவனில்லை என்று சொன்னவர்களும் உண்டு. சாந்தாமணியின் அண்ணன்மார் ஒருமுறை போய்த் தேடிவிட்டு, ராகி மூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இதெல்லாம் நடக்கக்கூடியதுதான். பழைய வண்டிக்கு வயசாகி, காளியண்ணன் அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, கரூரில் பாடி கட்டின புது வண்டியை இறக்கினாரே, அன்றைக்குத்தான் நடக்காதது நடந்தது. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாயங்காலம் ஆறு பத்துக்கு ஜம்மென்று பஸ் ஸ்டாண்டுக்குள் வந்த வண்டியில், எல்லாச் சீட்டும் புத்தம்புது ஊதா நிறம். பின்படிக்கு எதிரில் மட்டும் அந்தப் பழைய ஒத்தைச் சீட்டு, கிழிந்த பச்சை ரெக்சினும், கிழிசல் வழியே எட்டிப் பார்க்கிற பஞ்சும், மேலே விரித்த துண்டுமாக.

“ஏண்டா, காயலான் கடைச் சாமானத்தைப் புது வண்டியில எவன்டா மாட்டுனது?” என்று காளியண்ணன் சத்தம் போட்டார். யாரும் மாட்டவில்லை. ஸ்பேனர் போட்டுக் கழற்றி ஷெட்டின் மூலையில் போட்டார்கள். மறுநாள் ஆறு பத்துக்கு அது வண்டிக்குள் இருந்தது. ஷெட்டைப் பூட்டினார்கள்; பூட்டு பூட்டினபடியே இருந்தது, சீட்டும் வண்டியில் இருந்தது. காலை டிரிப்பில் ஊதாச் சீட்டு இருக்கும், மத்தியான டிரிப்பிலும் இருக்கும், சாயங்காலம் ஆறு பத்துக்கு மட்டும் அந்த இடத்தில் பச்சைச் சீட்டு வந்துவிடும். காளியண்ணன் ரொம்ப நேரம் மோவாயைச் சொறிந்தார். பிறகு, “சரி உடு. துண்டு போட்டிருக்குது, ஆள் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போவுது” என்று சொல்லிவிட்டு டீசல் கணக்குப் பார்க்கப் போய்விட்டார். பூசை போடலாமா என்று கேட்ட மேனேஜரை, “சீட்டுக்கு எதுக்குய்யா பூசை, உனக்குப் பொழப்பில்லையா?” என்று ஏசினார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கண்ணில் படாமல் போகுமா? “இந்தச் சீட்டு ஏன் மத்ததாட்டம் இல்லை?” என்றார். “ஆள் டீ குடிக்கப் போயிருக்குதுங்க சார்” என்றார் மாரப்பன். இன்ஸ்பெக்டர் துண்டைப் பார்த்தார், டீக்கடைப் பக்கம் பார்த்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார். “வந்தா சீக்கிரம் ஏறச் சொல்லுங்க” என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சனங்களும் அப்படித்தான் பழகிக்கொண்டார்கள். முதல் வாரம் எட்டி எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரைக்குக் காட்டினார்கள், அதற்கப்புறம் பஸ்ஸில் ஸ்டெப்னி டயர் இருப்பதுபோல அதுவும் ஒன்று என்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது: ராக்கியண்ணன் வண்டியை எடுப்பதற்கு முன்னால் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். பார்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வருகிற காய்கறிக்காரி, ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டுக்குக் காத்திருந்து தாமதமான கிழவர், டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள், எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். மஞ்சள் வண்டியோ மணி அடித்ததும் பிய்த்துக்கொண்டு போய்விடும். இதனாலேயே நாளாவட்டத்தில், டி.வி. ஓடுகிற கதிர் வண்டி காலியாகப் போகவும், மரகதம் ஆறு பத்து படியில் தொங்கத் தொங்கப் போகவும் ஆரம்பித்தது. “கதிரு பறக்கும், மரகதம் பொறுக்கும்” என்று ரோடு முழுக்க ஒரு சொலவடையே உண்டாயிற்று.

எல்லோருக்கும் நல்லது செய்த துண்டு சாந்தாமணிக்கு மட்டும் செய்யவில்லை.

அந்தத் துண்டு கிடக்கிற வரைக்கும் அவள் புருஷன் ஓடிப்போனவன் இல்லை. டீ குடிக்கப் போனவன். அதனால் அவளைப் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் மில்லிலேயே நாலு காசு நல்லபடியாகப் பார்க்கிற ஒரு மனுஷன், பெண்டாட்டி செத்து இரண்டு வருஷமானவர், அவளைக் கேட்கலாம் என்று நினைத்தார்; பஸ்ஸில் ஒருநாள் வந்து பார்த்தவர், துண்டைப் பார்த்ததும், “தப்புங்க, ஆளிருக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வழியிலேயே இறங்கிவிட்டார். அதுகூடப் போகட்டும். அவள் கேட்டதெல்லாம் உட்கார ஒரு இடம்தான். கூட்டத்தில் அவளுக்கு எழுந்து இடம் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. “உங்க வூட்டுச் சீட்டே சும்மா கெடக்குதே அம்மிணி, நாங்க என்னத்துக்குங்க எந்திரிக்கறது?” என்பார்கள். சரி, அதிலேயே உட்காரலாம் என்றால், “ஐயோ, அது அவரு சீட்டல்ல!” என்பார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும்.

ஆரம்பத்தில் அவன் வரவேண்டுமென்று அவளும் டீக்கடையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பல ராத்திரி அழுதும் இருக்கிறாள். பிறகு கோபம் வந்தது, பிறகு கோபமும் களைத்துப் போயிற்று. மிஞ்சினது கால் வலி மட்டும். கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு சுருண்டு, தோலுக்கடியில் நீலப் புழு நெளிவதுபோலப் புடைத்துக்கொண்டன. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, “மில்லுல நிக்கறதைத் தவிர்க்க முடியாது, சரி. மத்த நேரம் கிடைச்ச இடத்துல உக்காருங்க, காலைத் தொங்க விடாதீங்க. புண்ணு வந்துட்டா அப்புறம் நிக்கவே முடியாது” என்றார். புண் வந்தவளை மில்லில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மில் போனால் சாந்தாமணிக்குச் சோறு போட வேறு யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் வண்டி ஆனைப்பள்ளம் தாண்டும்போது, கால் விண்விண்ணென்று தெறிக்க, போனால் போகிறது என்று அவள் ஒத்தைச் சீட்டுப் பக்கம் திரும்பி, முழங்காலை மடித்தாள். உட்காரக்கூட இல்லை.

“அம்மிணீ!” என்று பூக்காரத் தங்காயி போட்ட சத்தத்தில் ராக்கியண்ணன் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். “என்ன காரியம் பண்றே? துண்டை நவுத்திப்போட்டு உக்காந்தா, அப்பறம் அவரு வரமாட்டாருன்னு நீயே சொன்னாப்பல ஆயிராதா? தாலியக் கழட்டி வெக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு.”

பஸ்ஸே அவளைப் பார்த்தது. யார் முகத்திலும் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் கொடுமை. எல்லோரும் அவள் நல்லதுக்காகத்தான் பதறினார்கள். சாந்தாமணி மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வந்தால் அவன் உட்காருவான், வராவிட்டால் துண்டு உட்கார்ந்திருக்கும், இரண்டிலும் நிற்பது நான்தான் என்று அவளுக்கு அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது. மாரப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார்.

இந்தப் பக்கம் ரத்தினசபாபதிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவரும் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்: தண்ணீர் பாட்டில் கொடுத்தார், பின்னால் சாய்கிற சீட்டுப் போட்டார், வருஷத்துக்கு ஒரு வண்டி மாற்றினார். காளியண்ணனும் விடாமல் கடனை வாங்கி இன்னொரு புது வண்டி இறக்கினார். அதிலும் ஆறு பத்துக்கு அந்தக் கிழிந்த சீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் மரகதம் வண்டிக்கு ஆக்ஸில் உடைந்து, சனம் தவிக்க, இதுதான் சமயமென்று ரத்தினசபாபதி தன்னிடம் சும்மா நின்ற வண்டியை ஆறு பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்த அவருக்குக் குப்பென்று வியர்த்தது. தகதகவென்ற மஞ்சள் வண்டியில், பின்படிக்கு எதிரில், பச்சைச் சீட்டும் துண்டும்.

அவர் தைரியசாலி, ஆகவே அதில் தான் உட்காராமல் தன் டிக்கெட் செக்கரை உட்காரச் சொன்னார். செக்கர் துண்டின் மேலேயே உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். “சூடு கீடு அடிச்சுதா?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மொதலாளி. யாரோ பொறத்தாண்ட வந்து, ஏனுங்க, அது நம்ம சீட்டுங்கன்னு சொல்லப்போறாப்பலயே இருக்குதுங்க. வெக்கமாப் போச்சுங்க” என்றார்.

அப்போதுதான் ரத்தினசபாபதிக்கு உறைத்தது: சீட்டை எடுக்க முடியாது, துண்டு போட்டவனைக் கொண்டுவந்தால் அவனே எடுத்துக்கொள்வான். துண்டு போனால் பொறுப்பதும் போகும், பொறுப்பது போனால் மரகதமும் மற்ற வண்டி மாதிரி ஒரு வண்டிதான். ஓசூர்ப் பக்கம் ஓடுகிற தன் ஆட்களிடம் எல்லாம் விசாரிக்கச் சொன்னார். அதிக நாள் தேட வேண்டியிருக்கவில்லை. அர்த்தநாரி ஓசூரில் அவருடைய சொந்த ஷெட்டிலேயே வண்டி கழுவிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் இளங்கதிரின் மஞ்சள் வண்டிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினவன் அவன்தான். இங்கே சண்டையெல்லாம் எதற்காக நடக்கிறதென்று அவனுக்குத் தெரியவே தெரியாது. “வேங்கைவலசு வரைக்கும் ஒரு சோலி இருக்குது, கார்ல ஏறு” என்று முதலாளி சொன்னதும் கை கழுவிவிட்டு ஏறிக்கொண்டான்.

அதற்குள் சாந்தாமணிக்கு இடது கணுக்காலுக்கு மேலே புண் வந்துவிட்டது. துணியைச் சுற்றி, சேலையை இறக்கிக் கட்டி, மில்லில் மறைத்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் அன்றைக்குப் பார்த்துவிட்டார். “நாளைக்கும் இப்படி நொண்டுனா கேட்டோட திருப்பி அனுப்பிருவேன், சொல்லிட்டேன்” என்றார். அவள் ஓடாமல், ஓட முடியாமல், ஒவ்வொரு அடியாக வைத்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். ராக்கியண்ணன் டீக்கடையைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்ததால் வண்டி கிடைத்தது. ஏறி, ஒத்தைச் சீட்டுக்குப் பக்கத்தில், தன் இடத்தில் நின்றாள்.

பின்படியில் ரத்தினசபாபதியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. எதிரி முதலாளி மரகதத்தில் கால் வைக்கிறாரே என்று மாரப்பன் வாயைத் திறப்பதற்குள், அவர் பின்னால் நரைத்த தலையும் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களுமாக ஒருத்தன் ஏறினான். நிலக்கடலைக்காரர் வெளியிலிருந்தே, “அட, அர்த்தநாரீ!” என்றார். அந்தப் பெயர் முன்சீட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார்.

அர்த்தநாரி சீட்டைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான், தன் துண்டு தனக்குத் தெரியாதா? அப்புறம் கம்பியைப் பிடித்து நிற்கிறவளைப் பார்த்தான். கீழே, சேலைக்கடியில் தெரிந்த துணிக்கட்டைப் பார்த்தான்.

“ஏம்புள்ள நிக்கறே?” என்றான்.

இத்தனை வருஷம் கழித்து அவன் பேசின முதல் பேச்சு. தங்காயிதான் பதில் சொன்னாள்: “நிக்காம? உன்ற சீட்டுல நீ வராம அந்தப் புள்ள எப்படி உக்காரும்? துண்டு போட்டுட்டில்ல போனே!”

“எனக்கா போட்டேன்?” என்றான் அர்த்தநாரி. “போறவனுக்கு எதுக்குச் சீட்டு? நான் போறேன், இனி அவளாச்சும் உக்காந்து போகட்டும்னு, அன்னிக்கு அவளுக்குத்தான போட்டேன்.”

பஸ்ஸுக்குள் யாரோ “அடக் கெரகமே” என்றார்கள். அவன் சொன்னது மெய்யோ, இத்தனை பேர் முன்னால் தப்பிக்கச் சொன்ன பொய்யோ, அதை யார் கண்டது? ஆனால் சாந்தாமணிக்கு அது மெய் என்றுதான் பட்டது. மெய்யாகப் பட்டதால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யாக இருந்திருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பாள். எத்தனை சாயங்காலம், எத்தனை மழை, எத்தனை மேடு பள்ளம், தனக்கென்று விரித்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கால் வெடிக்க நின்றிருக்கிறாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றாள்.

“சொல்லோணுமா? உனக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படீங்க தெரியும்?” கத்தவில்லை. பஸ் முழுக்கக் கேட்டது. “அதுக்கு முந்தி ஒரு நாளாச்சும் நீங்க எனக்கு எடம் போட்டிருந்தாத்தானுங்க, அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்?”

உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்டாட்டிமார் யாரும் வெளியே பார்க்கவில்லை. சாந்தாமணி குனிந்து துண்டை எடுத்தாள். யாரும் சத்தம் போடவில்லை. உதறி, நாலாக மடித்து, “இந்தாங்க, உங்க துண்டு” என்று அவன் கையில் வைத்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, மெதுவாக, உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, சீட்டு மறையவில்லை. கிழிசலிலிருந்து புஸ்ஸென்று காற்றுப் போனது. ரத்தினசபாபதி தனக்கு இதில் லாபமா நட்டமா என்று புரியாமல் கீழே இறங்கினார். ராக்கியண்ணன் டீக்கடையைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார்.

அர்த்தநாரி இறங்கவில்லை. வேறெங்கும் இடமில்லாததால் அவளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழக்கமில்லாதவனுக்கு ஒவ்வொரு வளைவிலும் கால் தடுமாறியது. மாரப்பன் எதுவும் கேட்காமல், தான் உட்காருகிற பலகையை எடுத்து வந்து, சாந்தாமணி காலை நீட்டி வைத்துக்கொள்ளத் தோதாக முன்னால் போட்டார். அவள் காலைத் தூக்கி வைத்தாள். இரத்தம் இறங்குவது தெரிந்தது, வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போவதும் தெரிந்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். ஆனைப்பள்ளம் வருவதற்குள் தூங்கிப் போனாள்.

தூங்குகிறாள் என்று தெரிந்ததும் தங்காயி முன்சீட்டுக்காரரின் தோளைத் தொட்டு வாயில் விரல் வைத்தாள். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். டேப்பில் ஓடிய பாட்டு நின்றது. செல்போனில் பேசிக்கொண்டிருந்தவன் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான். மாரப்பன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நிறுத்தங்கள் வந்தபோது தகரத்தில் விரலால் மட்டும் தட்டினார். பின்னால் ஆறு இருபது கதிர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு முட்டுவதுபோல வந்தது. ராக்கியண்ணன் கண்ணாடியில் ஒருமுறை சாந்தாமணியைப் பார்த்தார். பிறகு, தன் ஆயுசில் முதல் தடவையாக, வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி வழி விட்டார். வழி விட்டதோடு கையை வெளியே நீட்டி, அடிக்காதே என்று சைகையும் காட்டினார். கதிர் டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, பூனைபோலத் தாண்டிப் போனான்.

ஓடக்காட்டுப் பிரிவு வந்தது. இறங்குகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். “எழுப்பறதுன்னா எழுப்புங்க” என்றார் மாரப்பன், அர்த்தநாரியிடம், சன்னக் குரலில். அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையை நீட்டப் போனான், நீட்டவில்லை. மடித்த துண்டோடு தனியாக இறங்கி, வீட்டுச் சாவி அவள் பையில் இருப்பதால் எங்கே போவதென்று தெரியாமல், ரோட்டோரத்தில் நின்றான். வண்டி நகர்ந்தது.

கரட்டுப்புதூர்தான் கடைசி. ராக்கியண்ணன் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சனமெல்லாம் இறங்கிப் போயிற்று. திரும்பிப் போகிற டிரிப்புக்கு நாலைந்து பேர் ஏற வந்தார்கள். மாரப்பன் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். ராக்கியண்ணன் சீட்டிலிருந்து திரும்பி, தொண்டையைக் கனைக்காமல், “நேரமாச்சு மாரப்பா, எழுப்பிரலாமா?” என்று கேட்டார்.

“உடுங்கண்ணா” என்றார் மாரப்பன். “இப்பத்தான உக்காந்திருக்குது.”